22 பங்குகளுக்கு ஈடாக ஒன்று

மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் உள்ள இரும்பாலை நம் மாணவர்கள் நன்கு அறிந்தது. அதை நடத்திவந்த சதர்ன் அயர்ன் அண்ட் ஸ்டீல் நிறுவனம் பின்னர் ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீலுடன் இணைந்தது. பழைய நிறுவனத்தின் 22 பங்குகளுக்கு ஜே.எஸ்.டபிள்யூ. பங்கு ஒன்று என்பது விகிதம். ஏன் ஒன்றுக்கு ஒன்று இல்லை? வணிகவியல் வகுப்பை இக்கேள்வியோடு தொடங்கலாம்.

விடைக்கு மேச்சேரிச் செம்மறியே உதவும். பெட்டை ஆடு வாங்குபவர் அதை வளர்த்த செலவைப் பார்ப்பதில்லை. இனி எத்தனை குட்டி ஈனும், நோய் தாக்குமா என்றே கணக்கிடுகிறார். நிறுவன மதிப்பும் அப்படித்தான்: இனி வரும் வருமானம், அதிலுள்ள இடர், அடைக்க வேண்டிய கடன் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

கரும்பலகையில் ஒரு கணக்கு: ஓராண்டு கழித்து 110 ரூபாய் வரும். 10 விழுக்காடு ஆதாயம் போதுமென்றால் இன்றைய மதிப்பு 100 ரூபாய் (110 ÷ 1.10). இடர் மிகுதி என்று 25 விழுக்காடு எதிர்பார்த்தால் 88 ரூபாய்தான் (110 ÷ 1.25). இடர் கூடினால் விலை குறையும்.

இதைப் புரிந்துகொண்ட மாணவர், 'இடரே இல்லை, பணம் இரட்டிப்பாகும்' என்று வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் கேள்வி கேட்பார். பெற்றோரின் சேமிப்பைக் காக்கும் பாடம் இது.