உமியா... மணலா? ஒரு சிலிக்கா சண்டை!

காலையில பல் தேய்ச்சாச்சா பாஸ்? அப்படின்னா அநேகமா கொஞ்சம் சிலிக்காவும் உங்க வாய்க்குள்ள போயிருக்கும். நிறைய பேஸ்ட்ல அழுக்கைத் தேய்ச்சு எடுக்கிற பொடியே அதுதான். லீவுக்கு ஊருக்குப் போனப்ப இதைச் சொல்லி சீன் போட்டேன். உமிக்கரியில பல் தேய்ச்சுக்கிட்டிருந்த அப்பத்தா அசரவே இல்லை. ''என் கரி வயல்ல விளைஞ்சது. உன்னுது கம்பெனியில செஞ்சதுதானேடா?''ன்னு கேட்டாங்க பாருங்க... நாலு செமஸ்டர் கெமிக்கல் படிச்ச எனக்கு பதில் வரலை!

மண்ணுல கரைஞ்சிருக்கிற சிலிசிக் அமிலத்தை நெற்பயிர் வேர் வழியா உறிஞ்சி இலை, தண்டு, உமின்னு கொண்டுபோய்ப் படிய வைக்குது. பயிர் சாயாம நிக்கிறதுல இதுக்கும் பங்கு உண்டு. ஒரு டன் நெல்லை அரைச்சா சுமார் 200 கிலோ உமி. எரிச்சா 40 கிலோ சாம்பல். அதுல 85 முதல் 95 சதவிகிதம் வரை சிலிக்கா!

பேஸ்ட் சிலிக்காவோட ரூட் வேற. மணலையும் சோடா உப்பையும் 1,300 டிகிரி வாக்கில் உருக்கி சோடியம் சிலிகேட் ஆக்கணும். அப்புறம் கந்தக அமிலம் விட்டுப் படிய வைக்கணும். சரியா எரிச்ச உமிச் சாம்பலோ, காஸ்டிக் சோடாவுல 100 டிகிரி பக்கத்துலயே கரைஞ்சிடும். எவ்வளவு எரிபொருள் மிச்சம்! டயருக்கு இந்த சிலிக்காவைப் பயன்படுத்தப் போறதா குட்இயர் 2014-ல அறிவிச்சது.

அப்போ அப்பத்தா ஜெயிச்சாச்சா? பொறுங்க. பேஸ்ட்ல துகள் சைஸ் கன்ட்ரோல்ல இருக்கும். உமிக்கரி கரகரன்னு பல் எனாமலையே தேய்ச்சிடும். அதைவிடப் பெரிய மேட்டர், எரிக்கிற சூடு. 700 டிகிரிக்குள்ள எரிச்சா சிலிக்காவோட அணுக்கள் தாறுமாறா கிடக்கும். சூடு எகிறினா கிறிஸ்டோபலைட்ங்கிற படிகமா மாற ஆரம்பிக்கும். அந்தத் தூசி வருஷக்கணக்கா நுரையீரலுக்குள்ள போனா சிலிகோசிஸ் வரலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களோட முதல் குரூப்புல 1997-லயே இதைச் சேர்த்துட்டாங்க. ஃபேக்டரியில படிய வைக்கிற சிலிக்காவுல இந்தப் படிகச் சிக்கல் இல்லை. இயற்கையில விளைஞ்சதுதான் சூடு தாண்டினா வில்லனாகுது!

எங்க ஊர் ரைஸ் மில் பின்னாடி சாம்பலை லாரியில அள்ளிப் போடுற மாமா, மூக்குல ஒரு துண்டை மட்டும்தான் கட்டியிருக்கார். ''உமிதானே மாப்ள, என்ன பண்ணிடும்?''ங்கிறார். கண்ணால பார்த்து எனக்கும் சொல்லத் தெரியலை. எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன்ல போட்டா படிகம் இருக்கா, இல்லையானு தெரிஞ்சிடும். ஒரு கவர்ல சாம்பல் கட்டி எடுத்துட்டு வந்திருக்கேன். லேப்ல ஸ்லாட் கேட்டு சார் ரூம் வாசல்ல வெயிட்டிங்!