வீடு விற்கும்போது: என்ன விலை சொல்வது, முதலில் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

மகளின் நிக்காஹ், மருத்துவச் செலவு, வாப்பா மவ்த்தான பின் பாகம் பிரிப்பது. நம் மஹல்லாக்களில் வீடுகள் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு நெருக்கடியில்தான். அவசரம் இருப்பது தெரிந்தால் கேட்பவர் விலையைக் குறைப்பார். ஆகவே தரகரிடம் சொல்வதற்கு முன்பே விலையை நாம் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் நம் தெருவுக்கான வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். அது சந்தை விலை அல்ல, அரசு முத்திரைத் தீர்வைக்காக வைத்திருக்கும் அளவுகோல். ஆனாலும் அதற்கு 10 சதவீதத்துக்கும் மேல் குறைத்து விற்றால், வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்ளும். அடுத்து, கடந்த ஓராண்டில் அக்கம்பக்கத்தில் விற்றவர்களிடம் கைக்கு வந்த தொகையை நேரில் கேளுங்கள். "அந்த வீட்டுக்கு ஒரு கோடி சொல்கிறார்களாம்" என்ற பேச்சு கணக்கில் சேராது. சொன்ன விலை வேறு, முடிந்த விலை வேறு.

பலரும் தடுமாறுவது கட்டடத்தின் மதிப்பில்தான். 1,200 சதுர அடி மனை, சதுர அடி 3,000 ரூபாய் போகிறது என்றால் மனைக்கு 36 லட்சம். அதன் மேலுள்ள முப்பது வருட ஓட்டு வீட்டுக்கு நாம் எவ்வளவு செலவழித்தோம் என்பது நம் மனதில் இருக்கும். இடித்துக் கட்ட நினைப்பவருக்கு அது இடிப்புச் செலவு. ஆசைக்கு 55 லட்சம் சொல்லி வைத்தால் ஆறு மாதம் யாரும் வரமாட்டார்கள். பிறகு விலையை இறக்கினாலும், "இத்தனை நாள் விற்கவில்லையே, ஏதாவது வில்லங்கமோ?" என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்ளும்.

விற்பனைச் செய்தி பரவிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் வருபவர்கள் ஏற்கெனவே அதே பகுதியில் தேடிக்கொண்டிருப்பவர்கள். உடனே வந்துவிட்டாரே, இன்னும் கூட்டிக் கேட்டிருக்கலாமோ என்று அவர்களை விரட்ட வேண்டாம். அன்றே கைநீட்டி முன்பணம் வாங்கவும் வேண்டாம். பணம் கையில் இருக்கிறதா, வங்கிக் கடனா, எத்தனை மாதக் கெடு என்று கேளுங்கள். கடன் கிடைத்தால் 42 லட்சம் என்பவரைவிட, ஒரு மாதத்தில் 40 லட்சம் தந்து கிரயம் முடிப்பவர் பல குடும்பங்களுக்கு உகந்தவர்.

பேச்சு முடியும்வரை பலரிடம் விலை கேட்பதில் தவறில்லை. சம்மதம் சொன்ன பிறகு, கூடுதலாகத் தருபவருக்காக அதை முறிப்பது வேறு விஷயம். ஒருவர் முடித்த வியாபாரத்தின் மேல் மற்றவர் வியாபாரம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இல்லாத ஆளைக் காட்டி "இன்னொருவர் அதிகம் கேட்கிறார்" என்று விலை ஏற்றுவதும் கூடாது. மழைக்கு ஒழுகும் அறையை வெள்ளையடித்து மறைப்பதும் அப்படித்தான்.

முன்பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் நமக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதுவது ஊர் வழக்கம். ஷாஃபி, ஹனஃபி மத்ஹப் அறிஞர்கள் அதை அனுமதிப்பதில்லை. எழுதும் முன் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரிசுச் சொத்தாக இருந்தால், வந்த விலை ஒவ்வொன்றையும் சகோதரிகளிடமும் சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவர்களை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் முன்பணம் வாங்கினால், அவர்கள் பங்கு விற்பனையாவதில்லை. சிறுவர்களின் பங்கை, பெற்ற தாயாகவே இருந்தாலும் நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்க முடியாது. அந்த அனுமதி கிடைக்க மாதங்கள் ஆகும். எனவே விலை பேசத் தொடங்கும் முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள்.