கடைசி நிலையம் எது?

கொச்சி மெட்ரோவின் ஆலுவா நிலையத்தில் ஏறுபவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. உட்கார இடம் கிடைத்துவிடும். எந்தத் திசையில் போகிற வண்டி என்று மேலே பார்த்துக் குழம்பவும் வேண்டாம், இருப்பதே ஒரு திசைதான். ஆனால் அந்த வண்டி எங்கே போய் நிற்கும் என்ற கேள்விக்கு மட்டும் 2017-க்கும் 2024-க்கும் இடையே ஆறு விடைகள் இருந்திருக்கின்றன.

2017 ஜூன் 17 அன்று தொடக்க விழா நடந்தபோது விடை பாலாரிவட்டம். சுமார் 13 கிலோமீட்டர், 11 நிலையங்கள். அதே ஆண்டு அக்டோபரில் மகாராஜாஸ் கல்லூரி. 2019 செப்டம்பரில் தைக்கூடம். 2020 செப்டம்பரில், கொரோனா முடக்கத்துக்குப் பிறகு வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கிய நாளில், பேட்ட. 2022 செப்டம்பரில் எஸ்.என். ஜங்ஷன். 2024 மார்ச் 6 முதல் திருப்பூணித்துறை. 11 நிலையங்கள் இப்போது 25.

திரை வடிவமைக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பயணச்சீட்டு இயந்திரம், கைப்பேசிச் செயலி, நடைமேடைத் தொங்குதிரை, வழிப்படம் என்று கடைசி நிலையத்தின் பெயர் எத்தனை இடங்களில் வரும்! ஒவ்வொன்றும் மூன்று மொழிகளில். ஒரு பெயர் மாறினால் எல்லாவற்றையும் தேடித் தேடித் திருத்த வேண்டும். தகரப் பலகை என்றால் பெயின்டரைக் கூப்பிடலாம். கணினியில் வரைந்த நூற்றுக்கணக்கான திரைகளில் எங்கோ ஒரு மூலையில் பழைய பெயர் ஒன்று ஒளிந்திருந்து, எல்லாம் அச்சாகி ஊரே பார்த்த பிறகுதான் தலைகாட்டும்.

இந்தத் தொல்லைக்கு வடிவமைப்பு மென்பொருள்கள் கண்ட மருந்துக்குப் பெயர் வேரியபிள். நாம் பள்ளிக் கணக்கில் படித்த அதே மாறிதான். ஒரு மதிப்பை நேராக எழுதாமல் அதற்கு ஒரு பெயர் வைத்து, தேவையான இடங்களிலெல்லாம் அந்தப் பெயரை மட்டும் சுட்டிவிடுவது. திரை எத்தனை இருந்தாலும் 'கடைசி நிலையம்' என்ற பெயர் இருக்கும்; அதற்குள் இருப்பது பாலாரிவட்டமா, பேட்டயா என்பது ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கும்.

யோசனை பழையது. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைமென்பொருளிலேயே மூலப்படம் ஒன்றைத் திருத்தினால் அதன் நகல்கள் எல்லாம் தாமாகத் திருந்தின. நிரலாளர்களுக்கோ மாறி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனால் திரையை வரைகிறவர்கள் மட்டும் வெகுகாலம் ஒவ்வொரு வண்ணத்தையும் ஒவ்வொரு இடைவெளியையும் கையால் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். 2014 வாக்கில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் ஜினா ஆனும் அவர் சகாக்களும் 'டிசைன் டோக்கன்' என்ற பெயரில் இந்த மதிப்புகளைத் தனியே தொகுத்துவைக்கும் வழக்கத்தைப் பரப்பினார்கள். 2012-இல் டிலன் ஃபீல்டும் எவன் வாலஸும் தொடங்கிய ஃபிக்மா, இன்று இத்துறையில் அதிகம் புழங்கும் மென்பொருள். அதற்குள் வேரியபிள் வந்தது 2023 ஜூனில்தான்.

ஒரு பயிற்சிக் கோப்பு செய்து பார்ப்போம். ஆலுவா நிலையத்தில் வைக்கத்தக்க ஒரு பயணச்சீட்டுத் திரை. மெட்ரோ நிறுவனத்தின் திரை அல்ல, நம்முடைய கற்பனைத் திரை.

ஃபிக்மாவில் வேரியபிள் பெட்டியைத் திறந்தால் கணக்குப்பிள்ளையின் பேரேடு போல ஒரு அட்டவணை வரும். வரிசைக்கு ஒரு மாறி. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதே அது எந்த இனம் என்று சொல்லிவிட வேண்டும்: வண்ணம், எண், எழுத்துச்சரம், ஆம்–இல்லை. இவ்வளவுதான் இனங்கள். பட்டனின் பின்னணி வண்ணம். ஓரத்தின் வளைவு எண். 'கடைசி நிலையம்' எழுத்துச்சரம். எச்சரிக்கைப் பட்டை ஒன்று தெரிய வேண்டுமா, கூடாதா என்பது ஆம்–இல்லை. சேர்ந்து வாழ வேண்டிய மாறிகளை ஒரு தொகுப்பாக வைக்கலாம். ஃபிக்மாக்காரர்கள் அதைக் கலெக்‌ஷன் என்பார்கள். பெயருக்கு நடுவே சாய்கோடு போட்டால் உட்குழுவாகவும் பிரிந்துகொள்ளும். பிறகு திரையில் ஒரு பட்டனைத் தேர்ந்து, அதன் வண்ணக்கட்டத்தில் எண்ணை அடிப்பதற்குப் பதிலாக மாறியின் பெயரைத் தேர்ந்தால் இணைப்பு முடிந்தது.

செய்முறை இவ்வளவுதான். ஒரு மதியத்தில் கற்றுவிடலாம். பெயர் வைப்பதில்தான் ஆண்டுகள் போகும்.

நானே பட்ட பாடு ஒன்று. ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த செயலியில் முக்கியப் பட்டனின் வண்ணத்துக்கு 'நீலம்' என்று பெயர் வைத்தேன். நீலமாகத்தானே இருந்தது! எட்டு மாதம் கழித்து அவர்கள் பச்சைக்கு மாறினார்கள். மாறியின் மதிப்பைப் பச்சையாக்க ஒரு நொடிதான் ஆயிற்று. ஆனால் பெயர் 'நீலம்' என்றே நின்றுவிட்டது. அதற்குள் நிரலாளர்கள் நூறு இடங்களில் அந்தப் பெயரை எழுதிவிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் "இங்கே நீலம் என்றால் பச்சை" என்று பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்துக்கு ஏறக்குறைய 400 வயது. இன்னும் அது புதுதான். தோற்றத்தையோ வயதையோ பெயராக வைத்தால் அது பெயரிலேயே உறைந்துபோகும். உள்ளே இருப்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பெயர், செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். 'நீலம்' வேண்டாம், 'முதன்மைப் பட்டன் பின்னணி' என்று வையுங்கள். 'பதினாறு' வேண்டாம், 'அட்டைக்குள் இடைவெளி' என்று வையுங்கள். அப்படியானால் நீலம் என்ற நிறம் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டாமா? வேண்டும். அதற்கு இரண்டு அடுக்கு வைப்பார்கள். இதை விளங்கிக்கொள்ள ஆலுவாவைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒன்றாக வரும் பெரியாறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மார்த்தாண்டவர்மா பாலத்தின் கீழே போகிறது, இன்னொன்று மங்கலப்புழைப் பாலத்தின் கீழே. இரண்டுக்கும் வேறு வேறு வழி, வேறு வேறு கரை. ஆனால் மேலே மழை பெய்து ஆறு கலங்கினால் இரண்டு கிளையிலும் செம்மண் நீர்தான். அடுக்கு மாறிகளும் இதே மாதிரி. மூல அடுக்கில் 'நீலப்பச்சை 600' என்று ஒரு நிறம் இருக்கும். 0, 110, 120 என்பது போல அதற்கு ஒரு மதிப்பு. வேலை அடுக்கில் 'முதன்மைப் பட்டன் பின்னணி', 'தற்போதைய நிலையத்தின் புள்ளி', 'இணைப்பு எழுத்து' என்று பல மாறிகள் இருக்கும். இவற்றுக்குச் சொந்த மதிப்பு கிடையாது. ஒவ்வொன்றும் மூலத்தை நோக்கிக் கைநீட்டி நிற்கும். இதற்கு ஏலியஸ் என்று பெயர். ஒரே இனத்து மாறிகளுக்கு இடையில்தான் ஏலியஸ் அமையும். எண் ஒன்று வண்ணத்தைச் சுட்ட முடியாது.

மூலத்தைத் திருத்தினால் எல்லாக் கிளையும் மாறும். ஒரு கிளையை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் அதை வேறொரு மூலத்தோடு இணைத்துவிட்டால் போதும். 2018 ஆகஸ்டில் பெரியாறு ஆலுவாவுக்குள் புகுந்ததையும், பக்கத்திலுள்ள நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக்கிடந்ததையும் பார்த்தவர்களுக்கு, மேலே நடப்பது கீழே எவ்வளவு தூரம் பாயும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் மூல அடுக்கை மற்றவர் கண்ணில் படாமல் மறைத்துவைக்கும் வசதியும் இருக்கிறது. திரை வரைகிறவருக்கு வேலைப் பெயர்கள் மட்டும் தெரியும், அணைக்கதவின் சாவி ஓரிருவரிடம் இருக்கும். இதோடு சேர்ந்த இன்னொரு கட்டுப்பாடு, ஒரு மாறியை எங்கே பயன்படுத்தலாம் என்று வரையறுப்பது. ஓர வளைவுக்கான எண் எழுத்தளவுப் பட்டியலில் எட்டிப் பார்க்காது. சின்ன வசதிதான், ஆனால் 200 மாறிகள் சேர்ந்த பிறகு இதன் அருமை தெரியும்.

அட்டவணையில் வரிசைகளைப் பார்த்தோம். பத்திகளில்தான் சுவாரசியம். ஒவ்வொரு பத்தியும் ஒரு மோட். ஒரே மாறிக்குப் பகலில் ஒரு மதிப்பு, இரவில் ஒரு மதிப்பு. பகல் பத்தியில் பின்னணி வெள்ளை, எழுத்து கறுப்பு. இரவுப் பத்தியில் தலைகீழ். திரையைத் தேர்ந்து, மோடை மாற்றினால் முழுத் திரையும் புரண்டு படுக்கும். வெளிச் சட்டத்துக்கு என்ன மோடோ அதுவே உள்ளே இருப்பவற்றுக்கும். நடுவில் ஒன்றுக்குத் தனியாக வேறு மோட் கொடுத்தால் அது மட்டும் தன் வழியில் போகும். முதியவர்களுக்காக மூன்றாவது பத்தி ஒன்று சேர்த்து வண்ண வேறுபாட்டைக் கூட்டிவைக்கலாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுக்க நெறி.

இருட்டு மோட் எல்லோரும் சொல்லும் உதாரணம். எனக்கு அதைவிட மொழிதான் பெரிதாகப் படுகிறது. கொச்சி மெட்ரோவில் மலையாளம், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் பெயர்கள் உண்டு. நம் பயிற்சித் திரையில் தமிழையும் சேர்ப்போம். ஆலுவாவில் இறங்கி நெடும்பாசேரிக்குப் போகிற தமிழர்கள் குறைவா என்ன. 'மொழி' என்று ஒரு கலெக்‌ஷன், நான்கு பத்திகள். 'வெளிவாயில்' என்ற மாறிக்கு ஆங்கிலத்தில் எக்ஸிட், நான்கே எழுத்து. இந்தியில் நிகாஸ். மலையாளத்தில் புறத்தேக்கு. தமிழில் 'வெளியேறும் வழி' என்று போட்டால் பட்டன் பிதுங்கிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் வரைந்து பார்த்து "அழகாக இருக்கிறது" என்று ஒப்புதல் வாங்கிய திரைகள், நம் மொழிகளில் வரும்போது ஏன் கோரமாக இருக்கின்றன என்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. யாரும் பத்தியை மாற்றிப் பார்ப்பதில்லை.

அகலம் மட்டுமல்ல, உயரமும் பிரச்சினை. தமிழில் 'கீ' மேலே கொம்பு முளைக்கும், 'மு' கீழே வால் விடும். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டு இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் இவற்றை வைத்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். ஆகவே 'வரி உயரம்' என்ற எண்ணையும் மொழிக் கலெக்‌ஷனுக்குள் வைத்துவிட வேண்டும்: ஆங்கிலப் பத்தியில் 24 என்றால் தமிழிலும் மலையாளத்திலும் 30. எழுத்துருவின் பெயரையே மாறியாக வைக்கும் வசதி 2024-இல் வந்தது. மலையாளப் பத்தியில் சந்தோஷ் தோட்டிங்ஙல் வடிவமைத்து 2016-இல் வெளிவந்த மஞ்சரி போன்ற எழுத்துருவைக் குறித்துவிட்டால், மோட் மாறும்போது எழுத்துருவும் சேர்ந்து மாறும்.

எழுத்துரு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1971-இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. தட்டச்சுக்கும் அச்சுக்கோர்ப்புக்கும் வசதியாக, மெய்யோடு ஒட்டியிருந்த உகரக் குறியைப் பிரித்தார்கள், கூட்டெழுத்துகளை உடைத்தார்கள். 1999-இல் ஆர். சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைனும் தொடங்கிய ரச்சனா இயக்கம், கணினி வந்த பிறகு இந்த உடைப்பு எதற்கு என்று கேட்டுப் பழைய வடிவங்களை மீட்டது. யூனிகோடில் இரண்டுக்கும் அடியில் இருக்கும் குறிகள் ஒன்றே. எழுத்துருவை மாற்றினால் அதே சொல் பழைய கோலத்தில் வரும், இன்னொன்றை வைத்தால் புதுக் கோலத்தில் வரும். நமக்கும் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வளைந்த 'னை'யும் 'லை'யும் இப்படித்தான்: குறி அதே, உரு வேறு. ஃபிக்மா வருவதற்கு வெகுமுன்பே யூனிகோட்காரர்கள் பொருளையும் தோற்றத்தையும் இப்படிப் பிரித்துவைத்துவிட்டார்கள்.

திரை சும்மா நின்றால் போதாது, இயங்கியும் காட்ட வேண்டும். 'சீட்டு எண்ணிக்கை' என்று ஓர் எண் மாறி, தொடக்க மதிப்பு 1. கூட்டல் பட்டனைத் தொட்டால் அதன் மதிப்பில் ஒன்று கூட வேண்டும் என்று அமைத்துவிடலாம். 'கட்டணம்' இன்னொரு எண். 2017-இல் ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டத்துக்கு 40 ரூபாய். மூன்று சீட்டு என்றால் இரண்டையும் பெருக்கி 120 என்று மொத்தத்தில் காட்டச் சொல்லலாம். எண்ணிக்கை ஆறைத் தாண்டினால் எச்சரிக்கைப் பட்டை தெரியட்டும் என்று நிபந்தனையும் போடலாம். நம் ஆம்–இல்லை மாறிக்கு அங்கேதான் வேலை. ஒரு வரி நிரல் எழுதாமல் இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் மாதிரி கையில் வந்துவிடும். பாதை திருப்பூணித்துறைக்கு நீண்டபோது அதுவரை போகக் கட்டணம் 60 ரூபாய். நம் கோப்பில் அது ஒரு கட்டத்தில் ஒரு திருத்தம்.

இந்த வசதியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மாறியாக்கிவிடத் தோன்றும். புதிதாகக் கற்றவர்கள் செய்யும் முதல் பிழை அதுதான். ஒரே இடத்தில் ஒரே தடவை வரும் கோட்டின் தடிமனுக்கெல்லாம் பெயர் சூட்டி, ஆயிரம் வரிசை உள்ள அட்டவணையைக் கட்டிவைப்பார்கள். பிறகு அவர்களாலேயே எதையும் தேடி எடுக்க முடியாது. எது மாறும், எது மாறாது என்று ஊகிப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். ஊகம் சில சமயம் தவறும்.

நம் கோப்பையே பாருங்கள். கடைசி நிலையத்துக்கு மாறி வைத்தோம், கட்டணத்துக்கு வைத்தோம், மொழிக்கும் இரவுக்கும் பத்தி போட்டோம். ஒவ்வொரு திரையின் தலையிலும் 'ஆலுவாவிலிருந்து' என்பதை மட்டும் கையால் அடித்துவைத்திருக்கிறோம். வண்டி அங்கிருந்துதானே கிளம்புகிறது! ஆனால் பாதையை ஆலுவாவைத் தாண்டி, விமான நிலையத்தைத் தொட்டு, அங்கமாலி வரைக்கும் கொண்டுபோகும் திட்டம் பேச்சில் இருக்கிறது. அது நடந்தால் ஆலுவா நடுவழியில் ஒரு நிலையம். நடைமேடையில் நின்று எந்தப் பக்க வண்டி என்று மேலே பார்க்க வேண்டியிருக்கும். உட்கார இடம் கிடைப்பதும் சந்தேகம்.