வாயிலும் முக்கோணமும்

கணவன் மனைவியரிடையே எழும் பிணக்கைத் தமிழ் மரபு ஒரே சொல்லில் அடக்கிவிடவில்லை. இளம்பிணக்கைப் புலவி என்றும், அது முதிர்ந்த நிலையைத் துனி என்றும் உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினர். புலவியை உணவிலிடும் உப்புக்கு ஒப்பிட்ட வள்ளுவர், அதனை அளவு கடந்து நீளவிடுவது உப்பு சற்றே கூடிப்போவதைப் போன்றது என்றார்.

தானே தணியாத பிணக்கில் இடையே வந்து பேசுவோரைத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்கிறது. கற்பியல் தரும் பட்டியலில் தோழி, தாய், பாணன், விறலியர் எனப் பன்னிரு வகையினர் உள்ளனர். அவர்களுள் விருந்தினரும் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. வந்தவர் முன் தலைவி சினத்தை மறைத்து முகமலர்ந்தாக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே தலைவன் விருந்தோடு வீட்டினுள் நுழைவதைச் சமரசம் என்பதைவிடத் தந்திரம் என்பதே பொருந்தும். பரத்தையிடம் சென்று திரும்பியவனை ஏற்றுக்கொள்ளுமாறு மனைவியை வேண்டும் இந்த ஏற்பாடு சமமான இருவருக்குரியது என்று சொல்லவியலாது. ஆயினும் வந்த தூதை ஏற்காமல் திருப்பி அனுப்பும் 'வாயில் மறுத்தல்' என்ற துறையும் அம்மரபில் உண்டு.

மூன்றாமவரின் இதே இடத்தை வேறொரு கோணத்தில் ஆராய்ந்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் (1913–1990). 1950களில் மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில், மனச்சிதைவு நோயாளிகளுடன் அவர்களுடைய குடும்பத்தாரையும் தங்கவைத்து அவர் உற்றுநோக்கினார். இருவருக்கிடையே பதற்றம் ஏறும்போது, அதைத் தாங்கமாட்டாமல் மூன்றாமவர் ஒருவரை அவர்கள் உள்ளே இழுத்துக்கொள்வதை 'முக்கோணம்' என்று பெயரிட்டு விளக்கினார். அதனால் பதற்றம் பரவி இருவருக்கும் தற்காலிக ஆறுதல் கிடைக்கிறது. மூலச் சிக்கலோ பேசப்படாமலே கிடக்கிறது.

மாமியாரின் குறையை மருமகளும் மருமகளின் குறையை மாமியாரும் மகனிடம் மட்டுமே சொல்லித் தீர்த்துக்கொள்ளும் வீடுகளில் இம்முக்கோணத்தைத் தெளிவாகக் காணலாம். மகன் ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றது மூள்கிறது. இரண்டிலிருந்தும் நழுவி அலுவலகத்தில் நேரம் கடத்தினாலும் (பலர் தேர்ந்துகொள்ளும் வழி இதுவே) ஒன்றும் தணிவதில்லை. போவன் கூறும் வழி, இருவரோடும் உறவை விடாமல், எவர் சார்பிலும் வழக்காடாமல், அவரவர் பேச்சை உரியவரிடமே திருப்பிவிடுவதாகும். "இதை அம்மாவிடமே நேரில் கேள், நானும் உடனிருக்கிறேன்" என்று மகன் சொல்வது அவ்வகையைச் சேரும். "அம்மா அப்படித்தான், நீதான் பொறுத்துப்போக வேண்டும்" என்பது சேராது.

கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்டு, "சாப்பாடு ஆயிற்று என்று அப்பாவிடம் சொல்" எனக் குழந்தையை அனுப்பும் வழக்கம் இவற்றினும் கடுமையானது. தோழியும் பாணனும் பேசி முடித்தபின் விலகிச் செல்லக்கூடியவர்கள். தலைவி அவர்களை மறுக்கவும் கூடும். அறைக்கும் அடுக்களைக்கும் இடையே நடக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு விலகிச் செல்ல வேறு வீடில்லை.