வாணிகமும் பதிவேடும்

வாணிகத்திற்கு முதலாவது வேண்டுவது பொருள் என்பர். அதனினும் முற்பட வேண்டுவது நம்பிக்கை. ஓரூரில் உடன்வாழ்வோர் ஒருவரையொருவர் நன்கறிவர். முன்பின் அறியாத அயலூர்க் கடைக்குச் சரக்கைக் கடனாக அனுப்புவோன் அவ்வறிவை எங்ஙனம் பெறுவான்? அவனுக்குத் துணையாக அமைந்ததே அரசினர் பதிவேடு. அதன் பயனை ஈண்டு யாம் சுருங்க விளக்குவோம்.

பலர் கூடி நடத்தும் கடைகளுக்கென 1932-ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டு வாணிகச் சட்டம் இயற்றப்பட்டது. கடையின் பெயர், இடம், கூட்டாளிகளின் பெயரும் முகவரியும், அவர்கள் சேர்ந்த நாள் ஆகியன இதன்படி பதிவாளரிடத்துப் பதியப்பெறும். உரிய கட்டணம் செலுத்தி எவரும் அவற்றைப் பார்வையிடலாம். கையொப்பமிட்ட கூட்டாளி தான் எழுதித்தந்ததைப் பின்னர் மறுத்தல் இயலாது.

இப்பதிவைச் செய்தே தீரவேண்டுமென்று அச்சட்டம் வற்புறுத்தவில்லை. ஆயினும் அதன் 69-ஆம் பிரிவு கூரியது. பதிவு பெறாத கடையார், 100 ரூபாய்க்கு மேற்படாத சிறு வழக்குகள் நீங்கலாக, தமக்கு வரவேண்டிய பாக்கிக்கு ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குத் தொடுக்க ஒண்ணாது. பிறர் அவர்மேல் தொடுக்கவோ தடையில்லை. வாங்கிய கடனுக்கு அவர் பொறுப்பாளர். கொடுத்த கடனுக்கோ வாயற்றவர்!

விலகும் கூட்டாளிக்கும் பதிவேடு அரணாகும். பதிவு பெற்ற கடையினின்று ஒருவன் விலகின், அதனைப் பதிவாளர்க்கு அறிவித்து, அரசாங்க கெஜட்டிலும் அவ்வட்டாரத்துத் தாய்மொழிப் பத்திரிகை ஒன்றிலும் வெளியிடுதல் வேண்டும். இன்றேல், அவனைக் கூட்டாளியென நம்பிப் பிறர் பின்னர்க் கொடுத்த கடனும் அவன் தலைமேல் ஏறும்.

கடைக்குரிய இந்நியாயம் நிலத்திற்கும் ஒக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனைப் பத்திரம் பதிவு பெறாதாயின் உரிமையை மாற்றாது. பதியப்பெற்ற முன்னைய விற்பனைகளையும் அடமானங்களையும் வில்லங்கச் சான்று காட்டும். அதனைக் கண்டே, நிலத்தை ஈடாகக் கொண்டு வணிகனுக்குக் கடன் கொடுப்போர் துணிவு கொள்கின்றனர்.

எனினும், பதிவாளர் பத்திரத்தைப் பதிகின்றாரேயன்றி விற்றவனுக்கு உரிமை உண்டென்று உறுதி கூறுகின்றாரல்லர். தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் டாரன்ஸ் என்பார் புகுத்திய முறையிலோ பதிவேடே உரிமைக்குச் சான்றாம். இந்நாட்டில் வாங்குவோனே மூலப்பத்திரங்களையும் ஆராய்தல் கடன்.

ஆகவே, பதிவேடு நேர்மையைப் படைப்பதன்று; நேர்மையாளனை அயலார்க்கு அறிவிப்பது. சிறு கட்டணத்திற்கு அஞ்சிப் பதிவை ஒத்திவைக்கும் சிறு வணிகர், பாக்கிதாரர் கைவிரிக்கும் நாளில் தம் முதலையே இழத்தல் கூடும். பதிவு, கடை திறக்கும் நாளிலேயே செய்தற்குரியது.