லாக்ஸ்டன்: வேலி காணாத வயல்கள்

இங்கிலாந்துக் கிராமம் என்றவுடன் புதர்வேலிகளால் கட்டம் கட்டமாக வகுத்த பசும்புல் நிலமே மனக்கண்ணில் தோன்றுகிறதென்றும், அந்த வேலிகள் எழுவதற்கு முன் அந்நாட்டுக் குடியானவர்கள் எவ்வாறு பயிர்த்தொழில் செய்தார்கள் என்பதை விளக்க வேண்டுமென்றும் அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விடைக்காகப் பழைய ஏடுகளை மட்டும் நம்பியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலிக்கு முற்பட்ட அந்த முறை இன்றளவும் நடந்துவருகிற கிராமம் ஒன்று நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கிறது. லாக்ஸ்டன் என்பது அதன் பெயர்.

1086-ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் எடுப்பித்த டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே இவ்வூர் பதிவாகியிருக்கிறது. ஊரின் வடபுறத்தில் நார்மானியப் பிரபுக்கள் எழுப்பிய கோட்டையின் மண்மேடு இன்றும் புல் போர்த்து நிற்கிறது. புனித மைக்கேல் ஆலயத்தில் எவரிங்ஹாம் குடும்பத்தாரின் கல்லறைப் பிரதிமைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கருவாலி மரத்தில் செதுக்கியது. ஆனால் கோட்டை மேடும் பழைய ஆலயமும் அந்நாட்டில் எத்தனையோ ஊர்களுக்கு உண்டு. லாக்ஸ்டனுக்கே உரிய சிறப்பைக் காண ஊரைக் கடந்து வயலுக்குத்தான் போக வேண்டும்.

மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெருவயல்கள் அங்கே விரிந்து கிடக்கின்றன. ஒருவன் நிலத்துக்கும் மற்றொருவன் நிலத்துக்கும் இடையே வேலியில்லை. ஓராண்டில் ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. மறு ஆண்டு முறை மாறும். இக்காலத்தில் தரிசு வயலில் கால்நடைத் தீவனம் விளைவிப்பதும் உண்டு. குடியானவன் ஒவ்வொருவனுடைய நிலமும் ஒரே இடத்தில் திரண்டிராமல், நீண்ட கீற்றுகளாக மூன்று வயல்களிலும் சிதறியிருக்கும். எங்கள் வீட்டில் பலாப்பழம் அறுக்கும்போது, கனிந்த சுளையும் வெளிறிய சுளையும் கலந்தே ஒவ்வொரு குழந்தையின் கையிலும் விழும்படி பாட்டி பங்கிடுவாள். வளமான மண்ணும் களர் மண்ணும் எல்லோருக்கும் கலந்து கிடைக்கச் செய்த இந்த ஏற்பாட்டிலும் அத்தகைய நியாயமே விளங்குகிறது. கீற்று நீண்டிருந்ததற்குக் காரணம் எருது. கனத்த ஏரை இழுக்கும் எருதுகளை அடிக்கடி திருப்புவது கடினமாதலால், அவை இளைப்பாறாமல் உழக்கூடிய தூரம் வரை ஒரே சாலாக ஓட்டினார்கள்; அந்தத் தூரமே பின்னர் 220 கஜம் என்று நிலைபெற்ற நம்முடைய பழகிய ஃபர்லாங்கு.

1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நிலவளவையாளர் இக்கிராமத்தைக் கீற்றுக் கீற்றாக அளந்து வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஏர் பிடிப்பவர், கதிர் அறுப்பவர், வேட்டையாடுபவர் ஆகியோரின் சிற்றுருவங்களையும் அவர் அதில் தீட்டியிருக்கிறார். பிற்காலத்தில் கீற்றுகள் பல ஒன்றுசேர்ந்து அகன்றனவாயினும், அப்படத்திலுள்ள வயல்களின் அமைப்பை இன்றும் தரையில் அடையாளம் காணலாம்.

ஏனைய கிராமங்களின் கதி வேறு. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் நிறைவேற்றிய 5,200-க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலம் வேலிக்குள் அடைபட்டது. விளைச்சல் பெருகியது உண்மையே. ஆனால் பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்த்துப் பிழைத்த ஏழை அந்த உரிமையை இழந்தான் என்பதையும் மறைக்கலாகாது. லாக்ஸ்டனில் நிலமுடைய இரு பிரபுக்களுக்குள் உடன்பாடு ஏற்படாமையே அது தப்பியதற்கு ஒரு காரணம் என்பர்.

அவ்வாறு தப்பிய முறை இத்தனை காலம் எங்ஙனம் நிலைத்தது? என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம் இதுவே. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியையொட்டி, அவ்வூர் விவசாயிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரிமார், டவ்கோட் என்னும் ஊர் விடுதியில் கூடி, மரமுளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவ்வாண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் புறப்படுகிறார்கள். குளிரிலும் சேற்றிலும் கீற்றின் ஓரமாக நடந்து, எவனுடைய ஏர் பொதுப்பாதையைக் கடித்திருக்கிறது, எவனுடையது ‘ஸைக்’ எனப்படும் பொதுப் புல்தரையில் அத்துமீறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மீறிய இடத்தில் உண்மையான எல்லை இதுவென்று முளை அடிக்கிறார்கள். மீறியவன் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து அதே விடுதியில் கூடும் ‘கோர்ட் லீட்’ என்னும் நியாயஸ்தலத்தில் அபராதம் உறுதியாகிறது; அடுத்த ஆண்டின் ஜூரிமாரும் பிரமாணம் செய்கிறார்கள். அபராதத் தொகை மிகச் சிறிது. ஆயினும், தன்னோடு அன்றாடம் பழகும் அயலார் முன்னிலையில், ‘நீ பொதுநிலத்தை உழுதாய்’ என்று சொல்லக் கேட்பதைவிடப் பெரிய தண்டனை ஒரு குடியானவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆண்டுக்கு ஒரு வயலாக இந்தச் சோதனை மூன்று வயல்களையும் சுற்றி வருவதால், எந்த மீறலும் வேரூன்றிப் பாத்தியதையாக வளர்வதற்கு இடமில்லை.

இந்நியாயஸ்தலம் வெறும் திருவிழாச் சடங்கன்று. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய ஜமீன் நீதிமன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டனின் விவசாய அதிகாரத்தை மட்டும் விலக்கி நிலைநிறுத்தியது. நிலவுடைமையோ கைமாறிக்கொண்டே இருந்தது: 1952-இல் மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து விவசாய அமைச்சகத்துக்கும், 1981-இல் அரசுடைமை எஸ்டேட்டுக்கும் சென்று, அண்மையில் பிரபுவின் வழித்தோன்றல்களது தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பிவிட்டது. உடையவர் எவராயினும், முளை அடிக்கும் கை ஊராருடைய கையாகவே இருந்து வந்திருக்கிறது.

பொதுநிலம் அழிவதற்குப் பெரும் பகைவன் வேண்டுவதில்லை. ஒருவன் ஒரு சாண் நகர்த்துவான். அதைக் கண்டவன் நமக்கேன் என்று போவான். மறு ஆண்டு அந்தச் சாண் முழமாகும். சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமென்றும், காப்பது அதிகாரிகளின் கடமையென்றும் எண்ணி நாம் வாளா இருக்கும் காலத்தில்தான் குளமும் மந்தையும் பாதையும் குறுகிப்போகின்றன. கோபமுமில்லாமல் தாட்சண்யமுமில்லாமல் ஆண்டுக்கொரு நாள் எல்லையை நடந்து பார்ப்பது என்ற எளிய வழக்கத்தினாலேயே லாக்ஸ்டன் மக்கள் தம் பொதுநிலத்தைக் காத்திருக்கிறார்கள். அன்பர்களே, உங்கள் ஊருக்குப் பொதுவான நிலம் எதுவாயினும், அதன் எல்லை எதுவரை என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறியுங்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைச் சுற்றி நடந்து வாருங்கள்.