பொங்கல் விடுமுறையில் பிஞ்சு விரல்களுக்கு ஒரு பிடி மாவு

பொங்கல் நெருங்கும் நாட்களில் எங்கள் ஆக்குபேஷனல் தெரபி பிரிவுக்கு வரும் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "ஜூன் மாதம் பள்ளியில் சேர்ப்பதற்குள் குழந்தை எழுதத் தொடங்கிவிடுமா?" மாவுக்கட்டுப் பிரித்த குழந்தையாயினும், நெடுநாள் படுக்கையிலிருந்து மீண்ட குழந்தையாயினும், கைத்தசை இறுக்கத்தோடு வளரும் குழந்தையாயினும் கேள்வி மாறுவதில்லை. எங்கள் விடையும் மாறுவதில்லை. பென்சிலைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள், மாவைக் கொடுங்கள்.

மூன்று, நான்கு வயதில் மணிக்கட்டு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள 8 சிறு எலும்புகள் பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே உள்ளன. பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத்தான் அவை எலும்பாக மாறுகின்றன. பென்சிலை மூன்று விரல்களால் பற்றும் பிடி பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 முதல் 6 வயதுக்குள் நிலைபெறுகிறது. அதற்கு முன் வற்புறுத்தினால், குழந்தை பென்சிலைக் கைப்பிடிக்குள் இறுக்கித் தோளையே அசைத்துக் கிறுக்கும். அல்லது நோட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மாவு செய்வது எளிது. ஒரு தம்ளர் மைதா, அரைத் தம்ளர் தூள் உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஏறத்தாழ அரைத் தம்ளர் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சப்பாத்தி மாவுப் பதத்திற்குப் பிசைய வேண்டும். மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு ஆகியவை நிறத்திற்குப் போதும். வலுக்குறைந்த கைக்குச் சற்றுத் தளர்வாகவும், வலுக்கூடும்போது கெட்டியாகவும் பிசைந்து தரலாம். கடையில் டப்பாவில் விற்கும் வண்ண மாவும் நல்லதே. அமெரிக்காவில் அது முதலில் சுவர்க்காகிதத்தின் கரியைத் துடைக்கும் பொருளாக இருந்தது. மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைக் கொண்டு குழந்தைகளைக் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் செய்ய வைத்த பிறகே, 1956இல் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. பண்டிகைக்கும் மாவுக்கும் உள்ள உறவு நம் வீட்டில் மட்டும் தோன்றியதன்று.

பொங்கல் பானையிலிருந்து தொடங்குவது சிறப்பு. எலுமிச்சை அளவு மாவை இரு உள்ளங்கைகளுக்கும் இடையே உருட்டச் செய்யுங்கள். உருண்டை ஆனதும் நடுவே கட்டைவிரலால் குழி இடட்டும். பிறகு கட்டைவிரலை உள்ளேயும் மற்ற விரல்களை வெளியேயும் வைத்துச் சுற்றிச் சுற்றி அழுத்தட்டும். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு அழுத்தும் இந்த அசைவே பின்னாளில் பொத்தான் போடவும், சோற்றைப் பிசைந்து உண்ணவும், எழுதவும் துணை நிற்பது. பானை கோணலாக வரும். அதை நீங்கள் நிமிர்த்த வேண்டாம். நிமிர்த்திய கணமே அது உங்கள் பானையாகிவிடுகிறது, குழந்தை எழுந்து போய்விடுகிறது. இதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம்.

அடுத்தது கரும்பு. பலகையில் மாவை வைத்து உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டினால் நீளும். ஐஸ்கிரீம் குச்சியால் இடைவெளி விட்டு அழுத்தினால் கணு. பின்னர் அதே குச்சியால் கரும்பைத் துண்டு போடலாம். ஒரு கை பிடிக்க, மறு கை வெட்ட, இரு கைகளும் வெவ்வேறு வேலையில் இணைந்து பழகும். கட்டுப் பிரித்த கையை ஒளித்து வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு நாங்கள் முதலில் தருவது பெரும்பாலும் கரும்புதான். வலிக்கிறது என்றால் அத்துடன் நிறுத்துங்கள். எதிர்ப்பை மீறிக் கையை வளைக்கக் கூடாது. ஒரு கையை எப்போதுமே தவிர்க்கும் குழந்தையைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கூறுங்கள்.

சூரியனுக்குக் கதிர்களைக் கிள்ளி இழுக்கலாம், தட்டிய மாவில் சுட்டுவிரலால் கோலப்புள்ளி குத்தலாம், மாட்டுப் பொங்கலன்று கொம்பு வைக்கலாம். மாட்டின் கண்ணுக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். பிள்ளையாருக்கு வைத்த பழக்கத்தில் அதைத் தேடுவோர் உண்டு. அந்த விதை கொடிய நஞ்சுடையது. புளியங்கொட்டை, பட்டாணி போன்றவையும் மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ சிக்கக்கூடும். குச்சியால் குத்திய துளையே கண்ணாக இருக்கட்டும்.

பத்து நிமிடம் போதும். கையில் ஊசிக்குழாய் உள்ள குழந்தை மறு கையால் மட்டும் விளையாடலாம். கட்டுப்போட்ட இடம் நனையக் கூடாது. கையில் வெடிப்போ புண்ணோ இருந்தால் உப்பு எரியும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த மற்றக் குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்ட பின்னரே மாவு தர வேண்டும். அவர்கள் தொட்ட மாவைப் பிறருடன் பகிர வேண்டாம்.

உப்பு மாவைச் சிறிது நக்கினால் குழந்தை தானே துப்பிவிடும். வாய் நிறைய விழுங்கியிருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உடலில் உப்பு மிகுவது குழந்தைக்கு ஆபத்து. எதையும் வாயில் வைக்கும் குழந்தை, உப்புக் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக அல்லது இதய நோயாளிக் குழந்தை, கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தை ஆகியோருக்குக் கொழுக்கட்டைக்குப் போலவே அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறி, நன்கு ஆறிய பின் உப்பின்றிப் பிசைந்து கொடுங்கள். அது அன்றே தீர வேண்டும். மைதா மாவு மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை இருக்கும். வாடை மாறினால் எறிந்துவிடுங்கள். எறியும்போது மாடோ நாயோ தின்னாதபடி பொட்டலமாகக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். அவ்வளவு உப்பு அவற்றுக்கும் ஆகாது.